மிதவைக் கம்பியைப் பிடித்த கை

மூன்று பனங்குற்றிகளை முக்காலியாய் நிறுத்தி, லொறியின் வில்லுத்தகட்டைக் காய்ச்சி அடித்து உளி செய்து, சுண்ணாம்புக் கல்லுக்குள் துளை போட்டவன் நான். அந்த உளி ஒருநாள் கயிறு நழுவி விழுந்ததில் வலக்கைப் பெருவிரல் நகம் இரண்டாய்ப் பிளந்தது. இன்றைக்கும் அது இரண்டாய்த்தான் முளைக்கிறது. பெற்றோல் கண்ணில் காணக் கிடைக்காத காலத்தில், குழந்தைப் பிள்ளையின் சூப்பிப் போத்தலில் இருந்து நாலு சொட்டுப் பெற்றோலை மட்டும் காட்டி, மண்ணெண்ணெயில் நீரிறைக்கும் இயந்திரங்களை ஓட வைத்தவன் நான். மோட்டார் சுற்றக் கம்பி இல்லை என்று ஊரே கையை விரித்தபோது, எரிந்த மோட்டார் இரண்டை உரித்து ஒன்றாக்கினேன். என் வீட்டுக் கிணற்றை அலவாங்கால் நானே வெட்டினேன். வீட்டுக்கு வேண்டிய கல் அந்தக் கிணற்றுக்குள் இருந்துதான் வந்தது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் கணக்கு முடிந்துவிட்டது. நீர்ப்பகுதி அலுவலகத்தில் கூலியாளாய் நுழைந்தேன், துளையிடும் பகுதியின் மேற்பார்வையாளனாய் வெளியே வந்தேன். நடுவில் ஒருவரும் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போகவில்லை.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. எங்கள் அலுவலகம் ஒரு சிறப்பு மலர் வெளியிடுகிறது. பொருள் 'நாளைய நீர்'. தொழில்நுட்ப உத்தியோகத்தராய் இருக்கிற தர்சினி என்ற பிள்ளை, பழைய ஆட்களிடம் அனுபவக் கட்டுரை வாங்கும் பொறுப்பை எடுத்து, உடுவிலில் இருக்கிற என் வீட்டுக்கு வந்தது. கையில் மலரின் முதற்படிவம். முதல் கட்டுரை ரூபனுடையது. ரூபன் ஒரு காலத்தில் என்னோடு வேலை செய்த இளம் உத்தியோகத்தர். இப்போது கொழும்பில் ஆலோசகர். கழுத்துப்பட்டி கட்டிய படம் ஒன்றும் போட்டிருந்தது.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தேன். நீரின் குவாண்டம் அதிர்வைச் செயற்கை நுண்ணறிவு வாசிக்குமாம். நனோ மட்டத்தில் நிலத்தடி நீர் தன்னைத்தானே புதுப்பிக்குமாம். வருகிற தலைமுறை கிணற்றை எட்டிப் பார்க்கவே தேவையில்லையாம்.

"பிள்ளை, குவாண்டம் எண்டால் என்ன?" என்று கேட்டேன்.

"அது அணுவுக்கும் உள்ளை இருக்கிற சின்னதுகளின்ரை கணக்கு, அங்கிள்."

"பொய்யோ?"

"சீச்சீ, பொய்யில்லை. உண்மையான, பெரிய விஞ்ஞானம்."

"அப்ப எங்கடை கிணத்துக்கை அதுக்கு என்ன வேலை?"

தர்சினி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. "கிணத்துக்கை வேலையில்லை, அங்கிள். மலருக்கை வேலை இருக்கு."

அந்தச் சொல்லில் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அது எங்கேயோ ஒரு ஆய்வுகூடத்தில் தன் பாட்டில் உழைத்துக்கொண்டிருக்கிற சொல். அதைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து, கலியாண வீட்டு வாடகைக் கதிரை மாதிரிக் கட்டுரையின் முன் வரிசையில் போட்டிருக்கிறார்கள். உட்காருகிறவர் யாரென்று கதிரைக்கும் தெரியாது, போட்டவருக்கும் தெரியாது.

சிரித்துவிட்டு விட்டிருப்பேன். ஆனால் கட்டுரையின் நடுப்பகுதியில் மயிலிட்டிப் பக்கத்துக் கிணறு ஒன்று வருகிறது. அந்தக் கிணற்றைக் காப்பாற்றியது 'எதிர்வுகூறல் மாதிரி'யும், 'தன்னியக்க நுண்ணறிவு மட்டக் கட்டுப்பாடு'மாம். ஒரு படமும் இருந்தது. படத்தைப் பார்த்த பிறகு நான் தேத்தண்ணீரைக் கீழே வைத்துவிட்டேன். அந்தக் கிணற்றின் கதையை, அந்த இடத்தில் நின்ற நான் சொல்கிறேன்.

முதலில் சபாரத்தினம் சேரைச் சொல்ல வேண்டும். அவர் எங்கள் பொறியியலாளர். படித்தவர்களில் நான் மதித்த ஆட்கள் குறைவு, அவர் அந்தக் குறைவுக்குள் முதலாவது. வெள்ளைச் சேர்ட்டின் கை மடிப்புக் கலையாமல் வருவார். கிணற்றை எட்டிப் பார்க்க முன்னம் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போடுவார், பேனையை எடுத்துக் காரிலேயே வைத்துவிடுவார். கிணற்றுக்குள் விழக்கூடியது எதுவும் தன்னிடம் இருக்கக்கூடாது என்பது அவர் கொள்கை. பேச்சிலும் அப்படித்தான். ஒருவரையும் அதட்டமாட்டார். யாராவது ஒரு பெரிய சொல்லைப் போட்டால் மட்டும், கடையில் மிச்சக்காசு கேட்கிற மாதிரி உள்ளங்கையை நீட்டுவார்.

"உதை எதாலை அளந்தனீர்?"

அவ்வளவுதான் கேள்வி. மீற்றரால் அளந்தேன் என்றால் சரி. நாக்கால் பார்த்தேன் என்றாலும் சரி, பிறகு மீற்றரைக் கொண்டுவரச் சொல்லுவார். பதில் இல்லையென்றால் நீட்டிய கையை மடக்கி எடுத்துக்கொண்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார். அந்த வெறுங்கை திரும்பிப் போவதைப் பார்க்கிற அவமானம் பேச்சு வாங்குவதைவிட மோசம். நானும் வாங்கியிருக்கிறேன்.

நாளைக்கு என்ன நடக்கும் என்று யாராவது அவரிடம் கேட்டால் மூன்று விதமாய்த்தான் பதில் வரும். "தெரியும்" என்பார். அல்லது "இப்பிடிச் செய்தால் இப்பிடி வரும்" என்பார். மிச்சமெல்லாம் "தெரியாது". அதோடு இன்னொரு பழக்கம். எதையாவது நடக்கும் என்று சொன்னால், எது நடந்தால் தன் சொல் பிழை என்பதையும் கூடவே சொல்லிவிடுவார். எங்கள் ஊரில் சாத்திரம் சொல்லுகிறவர்களில் தொடங்கித் திட்டம் போடுகிறவர்கள் வரைக்கும் அந்த இரண்டாவது பாதியைச் சொன்ன இன்னொருவரை நான் காணவில்லை.

இனிக் கிணறு.

மயிலிட்டிக்குக் கிட்ட, கடலில் இருந்து ஒரு கூப்பிடு தூரத்தில் ஒரு குடியிருப்பு. சனம் வருசக்கணக்காய் அகதி வாழ்க்கை வாழ்ந்துவிட்டுத் திரும்பி வந்த புதிது. பற்றை வெட்டிப் பார்த்தால் கிணறுகள் இருக்கின்றன, தண்ணீர் உவர். நல்ல தண்ணீர்க் கிணறு ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியது. குடிக்க, சமைக்க, பிள்ளைகளைக் குளிப்பாட்ட எல்லாம் அதுதான். அது கெட்டால் அந்தச் சனம் மறுபடியும் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

வந்த முதல் கோடையிலேயே தண்ணீர் இறங்கியது. கோயில் திருநாள் நெருங்குகிறது. வெளியூரில் இருக்கிற சொந்தக்காரர் எல்லாம் முதல்தடவையாய் வரப்போகிறார்கள். சம்மாட்டி அந்தோனிப்பிள்ளை, மூன்று வள்ளத்துக்குச் சொந்தக்காரர், திருநாள் குழுத் தலைவர், ஒரே பிடியாய் நின்றார். கிணற்றின் அடியில் துளை போட்டு ஆழமாக்க வேண்டும். ரூபனும் தலையாட்டிவிட்டார். சேரும் நானும் போய்ச் சேர்ந்தபோது துளையிடும் இயந்திரம் கிணற்றடியில் நிற்கிறது, தேங்காய் உடைத்தாயிற்று, செபமும் முடிந்தாயிற்று.

தண்ணீர் குறைந்தால் ஆழமாக்குவது. குடாநாட்டில் காலங்காலமாய் நடக்கிற மடைத்தனம் இது. எங்கள் நிலத்துக்குக் கீழே மழைத்தண்ணீர் உப்புத்தண்ணீருக்கு மேலே மிதந்துகொண்டிருக்கிறது, கறிக்கு மேல் எண்ணெய் மிதக்கிற மாதிரி. மெல்ல அள்ளினால் எண்ணெய் வரும். அகப்பையை அடிவரைக்கும் விட்டால் குழம்புதான் வரும். இது ஒவ்வொரு கமக்காரனுக்கும் தெரியும். ஆனால் வாடிய பயிரைக் கண்டவுடன் அவனும் அலவாங்கைத்தான் தேடுவான்.

ரூபன் நிறம் தீட்டிய படம் ஒன்றை விரித்தார். நிலத்துக்கு அடியில் நீல நிறத்தில் ஒரு பெரிய ஆறு.

"சேர், சற்றலைற் தரவோடை அல்கோரிதம் ஓட்டிப் பாத்தது. ஆழ்படை நீர்த்தாங்கி. ஐம்பது வருசத்துக்குப் பயமில்லை."

சேர் கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டார். கை நீண்டது. "உதை எதாலை அளந்தனீர்?"

"மொடல், சேர்."

"நல்லது. மொடலுக்கு எதைத் தின்னக் குடுத்தனீர்?"

"இஞ்சத்தை அளவு கிடைக்கேல்லை. மற்ற மாவட்டத்தின்ரை தரவு, சேர்."

"அங்கை மணல். இஞ்சை ஓட்டை விழுந்த கல்லு. மொடலிலை பிழையில்லை தம்பி, உம்மடை பரிமாறலிலைதான் பிழை."

சேர் மொடலைப் பழிக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அவரே பிறகு அலுவலகத்தில் மொடல் போட்டவர்தான், எங்கள் கிணற்று அளவுகளைக் கொடுத்து. ஆனால் அன்றைக்குச் சனத்துக்கு இந்த நுணுக்கம் வேண்டாம். கூட்டத்தில் முன்னுக்கு நின்றவள் பிலோமினா. கருவாடு போடுகிற பெண்களுக்கு அவள்தான் தலைவி. வாயும் கையும் ஒரே வேகம்.

"ஐயா, படத்தை விடுங்கோ. துளை போட்டால் நல்ல தண்ணி வருமோ, உப்பு வருமோ? அதைச் சொல்லுங்கோ."

"தெரியாது, பிள்ளை" என்றார் சேர்.

கூட்டத்தில் சிரிப்பு. சம்மாட்டி சால்வையை உதறித் தோளில் போட்டார். "இவ்வளவு படிச்சுப்போட்டு, கார் போட்டு வந்து, தெரியாதாம்! உந்தத் தம்பி ஐம்பது வருசம் எண்டு சொல்லுறார். உவரையல்லோ நம்ப வேணும்!"

சேருக்கு முகம் மாறவில்லை. எனக்குத்தான் காது சுட்டது.

"தெரியாததைத் தெரிஞ்சுகொள்ள ஒரு வழி இருக்கு" என்றார் சேர். "துளை போட்டபிறகு எவ்வளவு கடுமையாய் இறைக்கப் போறியளோ, அவ்வளவு கடுமையாய் இப்பவே இறைச்சுப் பாப்பம். பொழுது சாயிறதுக்கிடையிலை அடித்தண்ணி உப்பாய் மாறும் எண்டு நான் நினைக்கிறன். மாறாட்டில் நான் சொன்னது பிழை. நானே மெஷினை இறக்கச் சொல்லுறன்."

பிலோமினா தலையாட்டினாள். சம்மாட்டிக்கும் மறுக்க வழியில்லை, தோற்றால் ஒப்புக்கொள்கிறேன் என்று எதிராளியே சொல்லிவிட்டாரே!

வேலை என் கைக்கு வந்தது. பெரிய நீரிறைக்கும் இயந்திரத்தைப் பூட்டினேன். அடித்தண்ணீர் எடுக்க நான் ஒரு உபாயம் வைத்திருந்தேன். வெறும் சாராயப் போத்தல், அடியில் ஈயக்குண்டு, கழுத்தில் இறக்குகிற கயிறு, வாயில் தக்கை, தக்கைக்குத் தனியாய் ஒரு கயிறு. மூடியபடி அடிவரைக்கும் விடுவது. தட்டுப்பட்டதும் இரண்டாவது கயிற்றைச் சுண்டினால் தக்கை கழன்று, அந்த ஆழத்துத் தண்ணீர் மட்டும் உள்ளே போகும்.

"அண்ணை, முதல் போத்தல் ஆர் குடிச்சது?" என்று பிலோமினா கேட்டாள்.

"அரசாங்கம்" என்றேன்.

முதல் போத்தல் வந்தது. சேர் வாயில் விட்டுக் கொப்பளித்துத் துப்பினார். பிறகு உப்பு மீற்றரை வைத்தார். நல்ல தண்ணீர். இயந்திரம் இரைந்துகொண்டே இருந்தது. அடுத்த போத்தல், அதுவும் நல்லது. அதற்கடுத்ததும் நல்லது. இறைத்த தண்ணீர் வாய்க்கால் வெட்டிப் பனைக்கு அடியில் ஓடியது. அதைப் பார்க்கப் பார்க்கச் சனத்துக்கு வயிறு எரிந்தது. குடங்கள் நிரம்பி, வாளிகள் நிரம்பி, இனி ஊற்றப் பாத்திரம் இல்லை.

"போதும் ஐயா, வீணாய்ப் போகுது!" என்று ஒரு கிழவர் கத்தினார்.

சம்மாட்டி துளையிடும் இயந்திரக்காரனைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். "றெடியாய் நில்லு."

பனை நிழல் கிணற்றுக் கட்டில் ஏறிக்கொண்டிருந்தது. போத்தலை இறக்கினேன், சுண்டினேன், இழுத்தேன். சேரிடம் கொடுக்கப் போனபோது பிலோமினா குறுக்கே கையை நீட்டினாள்.

"இஞ்சை தாங்கோ அண்ணை. குடிக்கப்போறவை நாங்கள்."

ஒரு வாய் எடுத்தாள். துப்பின வேகத்தில் சம்மாட்டியின் கால் நனைந்தது.

"கடல்!" என்றாள்.

சேர் மீற்றரை வைத்துப் பார்த்துச் சம்மாட்டியிடம் நீட்டினார். அவர் மீற்றரை வாங்கவில்லை, போத்தலை வாங்கினார். ஒரு சொட்டு நாக்கில் வைத்தார். கடலில் பிறந்து வளர்ந்த மனுசனுக்கு இன்னொரு சாட்சி தேவையில்லை. "மெஷினைக் கொண்டு போங்கோ" என்று மட்டும் சொன்னார். ரூபன் படத்தைச் சுருட்டிக்கொண்டார். ஐம்பது வருசம் ஒரு பின்னேரத்துக்குள் முடிந்தது.

இறைப்பை நிறுத்தியதும் உப்பு மெல்ல மெல்லக் கீழே படியத் தொடங்கியது. இனி என்ன செய்வது? சேர் சொன்னது சுருக்கம். சின்ன மோட்டார் போதும். கொஞ்சமாய் இறைக்க வேண்டும், ஓய விட வேண்டும். தண்ணீர் ஒரு மட்டத்துக்குக் கீழே இறங்கவே கூடாது. மட்டத்தையும் அவரே கணித்துக் கிணற்றுச் சுவரில் சிவப்புக் கோடு போடுவித்தார்.

"ஆரைக் காவலுக்கு விடுறது?" என்று யோசித்தார். "மனுசர் தாகத்திலை கோட்டைப் பாக்கமாட்டினம்."

இந்த இடத்தில்தான் நான் வருகிறேன். நன்றாய் வாசித்துக்கொள்ளுங்கள்.

"சேர், ஆள் தேவையில்லை. தண்ணியே மோட்டாரை நிப்பாட்டட்டும்" என்றேன்.

"எப்பிடி?"

"நாளைக்குக் காட்டுறன்."

சேர் கையை நீட்டவில்லை. "சரி" என்றார். அந்த ஒரு சொல்லை நான் பதக்கமாய் வைத்திருக்கிறேன்.

ஒரு வெறும் எண்ணெய்க் கான், அதற்குள் பாரத்துக்கு மணல், ஒரு பழைய மோட்டார்சைக்கிள் பிறேக் கம்பி, ஒரு கைப்பிடிச் சுவிச். கான் தண்ணீரில் மிதக்கிறவரைக்கும் கம்பி தளர்ந்திருக்கும். தண்ணீர் கோட்டுக்கு இறங்கினால் கானின் பாரம் கம்பியில் தொங்கும், சுவிச் விழும், மோட்டார் நிற்கும். முதல் முயற்சி பிழையாய்ப் போனது. கான் ஆடி ஆடிச் சுவரில் முட்டி, மோட்டார் பேய் பிடித்த மாதிரி நின்று நின்று ஓடியது. ரூபன் சிரித்தார். நான் ஒரு அகலக் குழாயில் ஓட்டைகள் போட்டுக் கிணற்றுக்குள் நிமிர்த்திக் கட்டி, கானை அதற்குள் இறக்கினேன். ஆட்டம் அடங்கியது. உப்புக் காற்றுக்குக் கம்பி துருப்பிடிக்காமல் உறைக்குள் கிறீஸ் ஏற்றினேன். கோட்டுக்குத் தண்ணீர் வந்ததும் டக்கென்று மோட்டார் நின்றபோது பெண்கள் கை தட்டினார்கள். அப்போது யாரோ படம் எடுத்தார்கள். அந்தப் படத்துக்குப் பிறகு வருகிறேன்.

திருநாள் அன்றைக்குச் சம்மாட்டியின் பழைய குணம் தலைதூக்கிவிட்டது. சனம் கூடிவிட்டது, மோட்டார் நின்றுவிட்டது. மனுசன் யாருக்கும் தெரியாமல் கானை இழுத்து ஒரு நைலோன் கயிற்றால் உயரக் கட்டிவிட்டார். கம்பி தளர்ந்தது, மோட்டார் திரும்ப ஓடியது, தண்ணீர் கோட்டைத் தாண்டிப் போனது. பூசை முடிந்து எல்லோருக்கும் பால் தேத்தண்ணீர் ஊற்றினார்கள். முதல் மிடறு குடித்த வெளிநாட்டு விருந்தாளி ஒருவர் கோப்பைக்குள் எட்டிப் பார்த்தார்.

"சீனிக்குப் பதிலாய் உப்பைப் போட்டிட்டியளோ?"

பிலோமினா கேத்திலைப் போட்டுவிட்டுக் கிணற்றுக்கு ஓடினாள். கட்டிய கயிற்றோடு திரும்பி வந்தாள்.

"சம்மாட்டியார், உது உங்கடை வலைக் கயிறுதானே? முடிச்சும் உங்கடை முடிச்சு."

"திருநாளுக்கு ஒருநாள்தானே, பிள்ளை..."

"ஒருநாள்தான். சொந்தக்காரருக்கு ஊத்துங்கோ பாப்பம், உங்கடை ஒருநாளை!"

மாரி மழை இறங்கின பிறகுதான் அந்தத் தண்ணீர் பழைய சுவைக்கு வந்தது. அதற்குப் பிறகு கானை யாரும் தொடவில்லை. குழாயின் வாயைப் பூட்டித் திறப்பைப் பிலோமினா தன் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டாள். இன்றுவரைக்கும் அவளைக் கேட்காமல் ஒருவரும் கிணற்றில் கை வைப்பதில்லை. கிணறு இன்றைக்கும் நல்ல தண்ணீர் கொடுக்கிறது. அந்தச் சனம் மூட்டை கட்டவில்லை. அதைப் பார்த்துவிட்டு அடுத்த குடியிருப்பு, அதற்கடுத்தது என்று என் கான் பல கிணறுகளுக்குள் இறங்கியது. சில இடங்களில் கடையில் வாங்கின சுவிச் வந்துவிட்டது. அது என் கானின் பேரப்பிள்ளை.

இனி 'நாளைய நீர்' பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை என்று தர்சினி குறைப்படக்கூடாது. சேரின் முறையிலேயே சொல்கிறேன். அடுத்த நல்ல மழை எப்போது வரும்? தெரியாது. இரண்டு கோடை அடுத்தடுத்து மழை பொய்த்து, வலிகாமத்துத் தோட்டங்கள் இப்போது இறைக்கிற மாதிரியே இறைத்தால், கடலோரக் கிணறுகளில் உப்பு முதலில் ஏறும், பிறகு அது உள்ளே நடக்கும். கீரிமலைக் கேணியில் நல்ல தண்ணீர் கடலுக்குள் வழிகிறதைப் பார்த்துவிட்டு, நிலத்துக்குள் வற்றாத ஆறு ஓடுகிறது என்று நினைக்கிறவர்கள் போய்ப் போத்தலை இறக்கிப் பார்க்கட்டும். அப்படி இரண்டு கோடைக்குப் பிறகும் கடலோரத்து அடிப்போத்தல் இனிக்குமானால் நான் சொன்னது பிழை. அப்போது நான் உயிரோடு இருந்தால் ரூபன் வீட்டு வாசலில் வந்து அதைச் சொல்லுவேன். ரூபனின் கட்டுரையில் எது நடந்தால் அவர் சொன்னது பிழை என்று தேடிப் பார்த்தேன். ஒரு வரியும் இல்லை. எது நடந்தாலும் சரியாகிற பேச்சுக்கு எதிர்காலம் எதற்கு? அதை நேற்றைக்கே பேசி முடித்திருக்கலாமே!

சபாரத்தினம் சேர் இப்போது இல்லை. அவருடைய கேள்வியை நான் வைத்திருக்கிறேன். மலரின் ஆசிரியர் குழுவிடம் உள்ளங்கையை நீட்டிக் கேட்கிறேன்: 'தன்னியக்க நுண்ணறிவு' என்று அச்சடிக்கப் போகிறீர்களே, அந்த நுண்ணறிவை எதால் அளந்தீர்கள்? நான் அளந்திருக்கிறேன். ஒரு எண்ணெய்க் கான், அரைவாசிக்கு மணல்.

படத்துக்கு வருகிறேன். கிணற்றுக் கட்டில் கையூன்றி ரூபன் சிரித்துக்கொண்டு நிற்கிறார். கீழே அவருடைய பெயரும் பதவியும் இருக்கின்றன. படத்தின் இடது ஓரத்தில், வெட்டினது போக மிச்சமாய், ஒரு கை மட்டும் உள்ளே நீண்டு பிறேக் கம்பியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. நகத்தைப் பாருங்கள். பெருவிரல் நகம் இரண்டாய்ப் பிளந்திருக்கும். உடுவிலுக்கு வந்தால் அதே நகத்தைக் காட்டுகிறேன், தர்சினி ஏற்கெனவே பார்த்துவிட்டது.

மட்டத்தைக் கணித்தவர் சபாரத்தினம் சேர் என்று போடுங்கள். கிணற்றைக் காத்தவள் பிலோமினா என்று போடுங்கள். ரூபன் அன்றைக்கு வாகனம் ஒழுங்குபண்ணித் தந்தார், அதையும் போடுங்கள். அந்தக் கைக்குக் கீழே தங்கராசா என்று போடுங்கள், துளையிடும் பகுதி மேற்பார்வையாளர், மிதவையைச் செய்தவர். போட மனமில்லையென்றால் கத்தரியை இன்னும் கொஞ்சம் உள்ளே விட்டுக் கையையும் வெட்டி எடுத்துவிட்டு அச்சடியுங்கள். ஆனால் கையை எடுத்தால் கம்பியும் போகும், கம்பி போனால் கானும் போகும். பிறகு ரூபன் எதற்காகச் சிரிக்கிறார் என்று வாசகருக்கு நீங்கள்தான் விளக்கம் எழுத வேண்டும்.